ஆறு மணிக்கு மணிக்கூண்டடியில்

பதினொன்று அடிக்க நாலு நிமிடம் இருக்கையிலேயே
பொம்மைச் சேவல் கூவிவிட்டது.
கரடிகள் வரிசையாய் வெளியே வந்து
ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போயின.
கூட்டம் முழுக்கக் கைபேசியை உயர்த்தி நிற்க
"அவ்ளோதானா?" என்றான் அகரன், உரக்க.
தமிழில் கேட்டதால்
பெர்ன் நகரம் கோபித்துக்கொள்ளவில்லை.

நாலு நாளாக நால்வரும்
ஒரே கொடியில் காயும் துணிபோல அலைந்தோம்.
ஒருவருக்குக் கழிப்பறை என்றால் எல்லாருக்கும் கழிப்பறை.
ஒருவருக்குக் கால்வலி என்றால்
சூரிக் முழுவதும் வலித்தது.
இன்று இவர்தான் சொன்னார்:
"தனித்தனியாப் போவோம்.
ஆறு மணிக்கு இதே மணிக்கூண்டு."
சொல்லிவிட்டு, பரிசளிப்பு விழாத் தலைவர் மாதிரி
ஆளுக்கு முப்பது பிராங்க் கொடுத்தார்.
மூவாயிரத்துச் சொச்சம், என்று என் வாய் பெருக்கியது.
விமானம் இறங்கியதிலிருந்து பெருக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

சாருமதி தம்பியை இழுத்துக்கொண்டு கடைவீதிக்கு.
இவர் அருங்காட்சியகத்துக்கு; ஊரிலேயே குறித்துவைத்தது.
"நீ?" என்றார்கள்,
பாதி திரும்பிவிட்ட பிறகு.
"பாத்துக்கறேன்" என்றேன்.

எனக்கென்று எதையும் குறித்துவைத்திருக்கவில்லை.
விடுதியில் தந்த இலவசப் பயணச்சீட்டு மட்டும் இருந்தது.
முதலில் வந்தது ஒன்பதாம் எண் டிராம்.
சன்னலோரம் உட்கார்ந்தேன்.
யாருக்கும் இடம் பிடிக்க வேண்டியதில்லை.
கைப்பைக்கு ஓர் இருக்கை கொடுத்தேன்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்க
ஓட்டுநர் கண்ணாடி வழியே பார்த்தார்.
நான் அசையவில்லை.
டிராம் வளைந்து திரும்பியது.

ஊருக்குள் மறுபடி வரும்போதுதான் பார்த்தேன்.
குழாய் பதிக்கும் பள்ளத்தருகே
ஆரஞ்சுத் தடுப்பின்மேல் முழங்கையை ஊன்றி
இவர்.
குழிக்குள் நின்ற தொழிலாளி எதையோ காட்ட
இவர் கைகளை விரித்து அளவு சொல்கிறார்,
அந்த ஆள் சிரிக்கிறான்.
பொதுப்பணித்துறையில் இருபத்தாறு வருடம்.
வீட்டில் யார் பேசியும்
இப்படிக் குனிந்து கேட்டதில்லை.
தட்டிக் கூப்பிட எழுந்த என் கை
கண்ணாடிக்கு ஒரு விரல் முன்னால் நின்றுகொண்டது.
இன்று திங்கட்கிழமை, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.
வரவேற்பறைத் தாளில் காலையிலேயே படித்தேன்.
சொல்லியிருக்கலாம்.

பாலத்தின்மேல் டிராம் ஏறியதும்
வெகு கீழே ஆரே ஆறு,
சோடா பாட்டில் பச்சையில்.
தலைகள் மிதந்துபோயின,
ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வண்ணப் பை.
அவற்றில் ஒரு தலை கறுப்பு,
எண்ணெய் வைத்து வளர்த்த கறுப்பு.
இருக்காது என்று நினைத்தேன்.
இருக்கட்டும் என்றும்.

அடுத்த முனையில் இறங்கி ஒரு சாக்லேட் வாங்கினேன்.
நாலாக ஒடிக்கவில்லை.
கட்டம் கட்டமாய்
கடைசிக் கட்டம் வரை நானே தின்றேன்.
இதற்குமுன் எதையும் முழுசாகத் தின்றது
சாருமதி வயிற்றில் இருந்தபோது.
அதுவும் இருவராக.

ஆறுக்கு நாலு நிமிடம் இருக்கையில் சேவல் கூவியது.
"பிரமாதம், நீங்களும் வந்திருக்கணும்" என்றார் இவர்.
ஷூ விளிம்பில் ஈரக் களிமண்.
"எல்லாம் யானை விலை, ஒண்ணும் வாங்கலை" என்றாள் சாருமதி.
பின்னல் நுனியில் ஒரு துளி திரண்டு, யோசித்து,
சட்டையில் விழுந்தது.
அகரனின் கால்சட்டைப் பைக்குள்ளிருந்து
அவள் காலுறை எட்டிப்பார்த்தது.
"நீ என்னம்மா பண்ணே?"
"சும்மா உக்காந்திருந்தேன்."
பொய்யில்லை.

மூக்கு ஒழுக, டிஷ்யூ தேடி
என் கைப்பையைத் துழாவினான் அகரன்.
வெள்ளித்தாள் நெரியும் சத்தம்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
ஜிப்பை மெதுவாக மூடினான்.
"டிஷ்யூ இல்லம்மா" என்றான்.
இருந்தது, பிரிக்காத பாக்கெட்.

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு
முன்னால் நடந்தான்.
பசிக்கிறது என்றார் யாரோ.
நால்வரும்
ஒரே பக்கம் திரும்பினோம்.